பொம்மை டாங்கிக்குள் ஐந்து பேர்

டைகர் டாங்கி கிட்டின் பெட்டிப் படத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. எந்தக் கம்பெனிப் பெட்டியை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு டைகர் முன்னால் வரும். பீரங்கி நெருப்பைக் கக்கும். பின்னணியில் எதிரி டாங்கி ஒன்று கொழுந்துவிட்டு எரியும். ரஜினி படத்து அறிமுகக் காட்சி தோற்றது போங்கள். கடையில் பத்துப் பெட்டி அடுக்கி வைத்திருந்தால் கை தானாக அதை நோக்கித்தான் போகிறது. பக்கத்திலேயே ஷெர்மன் இருக்கும், பான்சர் 4 இருக்கும். சீண்ட ஆள் இருக்காது.

பொம்மைதானே, பிடித்ததை வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் அந்தக் கேள்வி நியாயம். இங்கே பேச்சு மேஜைப் போர் விளையாட்டுக்காகக் கட்டப்படும் டாங்கிகளைப் பற்றி. அந்த மேஜையில் நிற்கும் ஒவ்வொரு டாங்கியும் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "1944ல் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் புருடா. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புருடாவைத் திருத்துவதற்கான சாமான்களும் அதே பெட்டிக்குள்ளேயே, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு பெரிய மேஜை, 6 அடிக்கு 4 அடி இருந்தால் உத்தமம். பச்சைத் துணி, அட்டை வீடுகள், கம்பியை முறுக்கிச் செய்த மரங்கள். ஆளுக்கு ஒரு படை. ஒரு இஞ்ச் டேப்பும் கைநிறையப் பகடையும்தான் கருவிகள். டாங்கி ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் நகரலாம், இத்தனை அங்குலத்துக்குள் சுடலாம், பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். சதுரங்கத்துக்கும் தாயத்துக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். காய்களை மட்டும் துண்டு துண்டாக வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து ஆடுபவரே செய்துகொள்ள வேண்டும். ஒரு படை தயாராக மாதக்கணக்கில் ஆகும். ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் :-)

இதைப் பெரியவர்கள் கூச்சப்படாமல் ஆடலாம் என்று ஆக்கியவர்களில் முக்கியமானவர் எச்.ஜி.வெல்ஸ். 'டைம் மெஷின்' எழுதிய அதே வெல்ஸ்தான். 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிப் புத்தகமே போட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1903ல், 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' என்ற கதையில் பதுங்குகுழிகளைத் தாண்டி ஊர்ந்து வரும் இரும்புக் கோட்டைகளைக் கற்பனை செய்திருந்தார். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் பிரிட்டிஷ்காரர்கள் நிஜ டாங்கியை முதன்முதலாக இறக்கினார்கள். கற்பனை டாங்கி, பொம்மைப் போர் இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார். அதே 'லிட்டில் வார்ஸ்' முடியும் இடத்தில், இந்தச் சின்னப் போரை நாலு தடவை ஆடிப் பார்த்தாலே பெரிய போர் எவ்வளவு குளறுபடியான காரியம் என்று புரிந்துவிடும் என்கிற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அடுத்த வருடமே முதல் உலகப்போர் வந்தது. ஆட்டம் மட்டும் தப்பிப் பிழைத்து இன்று வரை நடக்கிறது.

சரி, டாங்கிக்கு வரலாம். முதலில் அளவு. மாடல் கட்டுகிறவர்கள் உலகில் 1/35 என்ற அளவு ராஜா. இது ஏன் 35, ஏன் 30 இல்லை, 40 இல்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில் அழகானது. ஜப்பானின் டாமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. உள்ளே பேட்டரி உட்கார வேண்டும், அதற்கு ஏற்ற சைஸில் உடலைச் செய்தார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதே அளவில் மற்ற டாங்கிகளும் செய்யலாமே என்று அளந்து பார்த்தால் சுமார் 35ல் ஒரு பங்கு வந்தது. அவ்வளவுதான் மேட்டர்! உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாடல்களின் அளவைத் தீர்மானித்தது ஒரு பேட்டரி.

மேஜை ஆட்டக்காரர்களுக்கு 1/35 சரிப்படாது, இடத்தை அடைத்துக்கொள்ளும். 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களோடு 'போல்ட் ஆக்ஷன்' ஆடுகிறவர்கள் 1/56 அளவில் கட்டுகிறார்கள். நியூசிலாந்திலிருந்து 2002ல் வந்த 'ஃபிளேம்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்துக்கு 1/100. ஒரு முழுப் படைப்பிரிவையே மேஜையில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு 1/285. அதில் டைகர் ஒரு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருக்கும்.

அளவைவிட முக்கியமான வித்தியாசம் வேறு. 1/35 டாங்கி கொலு பொம்மை மாதிரி. படியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. மேஜை டாங்கி அப்படி இல்லை. வாரா வாரம் நாலு பேர் கை படும். பீரங்கிக் குழலைப் பிடித்துத் தூக்கும் புண்ணியவான் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. அதனால் தலைமுடி அளவு கைப்பிடிக் கம்பி, நூல் போன்ற ஆண்டெனா எல்லாம் வைத்தால் இரண்டாவது ஆட்டத்தில் காணாமல் போய்விடும். டரட் (மேலே சுழலும் தலைப்பகுதி) விழாமலிருக்க உள்ளே சின்ன காந்தம் வைக்க வேண்டும். பெயிண்ட் உரியாமலிருக்க வார்னிஷ் வேண்டும். மூன்று அடி தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்பது ஆட்டக்காரர்களின் பழைய சமாதானம். மோசமான சமாதானமும் இல்லை. எல்லாவற்றையும் செய்ய முடியாதபோது எதைச் செய்வது என்று அது யோசிக்க வைக்கிறது. அந்த இடத்தில்தான் பலரும் தப்பாகத் தேர்வு செய்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். டைகர் 1 டாங்கி மொத்தமே சுமார் 1,350தான் தயாரானது. பான்சர் 4 ஏறத்தாழ 8,500. டரட் இல்லாத, பார்க்கச் செருப்புப் பெட்டி போல இருக்கும் ஸ்டுக் 3 வண்டி 10,000ஐ ஒட்டி. எதிர்ப்பக்கம் ஷெர்மன் 49,000க்கும் மேல், ரஷ்யாவின் டி-34 போர்க்காலத்தில் மட்டும் 50,000க்கும் மேல். 1944ல் நார்மண்டி முழுவதற்கும் டைகர் வைத்திருந்த ஜெர்மன் பட்டாலியன்கள் மூன்று. அவையும் பெரும்பாலும் பிரிட்டிஷ், கனடா படைகளுக்கு எதிரேதான் நின்றன. அமெரிக்கச் சிப்பாய்கள் "டைகர்! டைகர்!" என்று அலறிய பல இடங்களில் வந்தது பான்சர்  4. அதன் டரட்டைச் சுற்றி மாட்டிய கூடுதல் தகடு தூரத்திலிருந்து பார்த்தால் டைகர் சாயல் காட்டும்.

இப்போது மேஜையைப் பாருங்கள். ஜெர்மன் படை என்று வந்துவிட்டால் டைகர் இல்லாத மேஜை அபூர்வம். ஆட்டத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் மதிப்பெண் உண்டு, டைகருக்கு ஏகப்பட்ட மதிப்பெண் அழ வேண்டும், இருந்தாலும் கொண்டுவருவார்கள். வாங்குகிறார்கள் என்பதால் கம்பெனி இன்னும் இரண்டு விதமாக வெளியிடும். வெளியிடுவதால் இன்னும் வாங்குவார்கள். பாவம் ஸ்டுக், போரில் அதிகம் உழைத்த வண்டி, மேஜையில் துணை நடிகர்.

"ஆட்டமே நிஜம் கிடையாது, அப்புறம் டைகரை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?" இது பலமான எதிர்வாதம், ஒதுக்கிவிட முடியாது. ஆயிரம் மீட்டர் தூரத்தில் சுடும் டாங்கியை 1/56ல் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 18 மீட்டர் மேஜை வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணை வரை போகும். எனவே தூரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். நேரத்தையும் அப்படியே. பெட்ரோல் தீர்ந்துபோவதை யாரும் ஆடுவதில்லை. 57 டன் டைகர் வழியில் பழுதாகி நிற்பதை ஆடுவதில்லை. ரயிலில் ஏற்ற அகலம் இடிக்கிறது என்று சங்கிலியைக் கழற்றிக் குறுகலான வேறு சங்கிலியை மாட்டி, இறங்கியதும் மறுபடி மாற்றிய கூத்தை ஆடினால் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விதிகள் இவ்வளவு விட்டுக்கொடுக்கும் ஆட்டத்தில், உண்மைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடம் பொம்மையின் மேற்பரப்புதான். தூரம் பொய், நேரம் பொய். வண்டியாவது நிஜமாக இருக்கலாமே?

அதற்கு ஷெர்மனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஷெர்மன் கிட்டைப் பிரித்தால் மூன்று சின்னச் சதுரத் தகடுகள் கிடைக்கலாம். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று ஒட்டச் சொல்லிக் குறிப்புத் தாளில் படம் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து ஒட்டுகிறார்கள். சிலர் "அசிங்கமாக இருக்கிறது" என்று விட்டுவிடுவதும் உண்டு. அந்தத் தகடுகளுக்கு நேர் உள்பக்கம் இருந்தது குண்டு அடுக்கிய அலமாரி. ஷெர்மனின் பக்கச் சுவரைத் துளைத்து வந்த எதிரிக் குண்டு அந்த அலமாரியில் பட்டால் உள்ளே இருந்த குண்டுகளின் மருந்து பற்றிக்கொள்ளும். தப்பிக்கக் கிடைப்பது சில நொடிகள். அதனால் அந்த இடத்துக்கு மட்டும் வெளியே ஒரு இரும்பு ஒட்டுப்போட்டார்கள். கிழிந்த டவுசருக்குப் பின்பக்கம் ஒட்டுப்போடுவது போல. பிறகு 1944ல், குண்டுகளைத் தரைப்பகுதிக்கு இறக்கி, சுற்றிலும் திரவம் நிரப்பிய உறைகள் வைத்த புது வடிவங்கள் வந்தன. தீப்பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. அந்த வடிவத்தில் பக்கத் தகடு இருக்காது. ஆக, 1/56ல் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டு, உள்ளே இருந்தவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பதற்கான சாட்சி.

அடுத்தது டரட்டின் மேல்மூடி. 75 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த ஆரம்பகால ஷெர்மனில் டரட்டுக்குள் மூன்று பேர்: கமாண்டர், சுடுபவர், குண்டு போடுபவர். மேலே மூடி ஒன்றே ஒன்று, கமாண்டரின் தலைக்கு மேல். குண்டு போடுபவர் பீரங்கிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். வண்டி பற்றிக்கொண்டால் அவர் பீரங்கியின் பின்பகுதியைச் சுற்றித் தவழ்ந்து, மற்ற இருவரும் ஏறிப்போன பிறகு, அதே ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். பிற்பாடு வந்த டரட்டுகளில் அவருக்கென்று தனியாக முட்டை வடிவ மூடி ஒன்று வைத்தார்கள். கிட்டில் இரண்டு டரட் கொடுத்திருந்தால் எதை ஒட்டுவது என்பது நுணுக்கவாதிகளின் சண்டை என்று தோன்றும். உள்ளே இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது சண்டை இல்லை.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல ஒன்று உண்டு: ஃபயர்ஃபிளை. பிரிட்டிஷ்காரர்கள் தங்களுடைய 17 பவுண்டர் பீரங்கியை ஷெர்மனுக்குள் திணித்து உண்டாக்கிய வண்டி. திணித்தார்கள் என்பது மிகையில்லை. பீரங்கி டரட்டை அடைத்துக்கொண்டதால் ரேடியோவை வைக்க இடமில்லை, டரட்டின் பின்சுவரை வெட்டி வெளியே ஒரு பெட்டி ஒட்டினார்கள். குண்டு போடுபவர் கமாண்டர் பக்கம் வர முடியாது என்பதால் கூரையில் அவருக்குத் தனி மூடி வெட்டினார்கள். குண்டுகள் நீளமானவை, வைக்க இடம் வேண்டும். அதற்காக முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த ஐந்தாவது ஆளையே இறக்கிவிட்டார்கள்.

டைகரையும் பாந்தரையும் தூரத்திலிருந்து துளைக்கக்கூடிய ஷெர்மன் இது. நாலு வண்டி கொண்ட ஒரு குழுவுக்கு நார்மண்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் கிடைத்தது. மற்ற மூன்றின் பீரங்கி குட்டை, இதன் குழல் மட்டும் நீளம். ஜெர்மானியர்களுக்கு எதை முதலில் சுட வேண்டும் என்று தெரிந்துபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பெயிண்ட் டப்பாவை எடுத்தார்கள். குழலின் முன்பாதியில் அடிப்பக்கம் வெள்ளை, மேல்பக்கம் கரும்பச்சை, நடுவில் அலை அலையாக ஒரு கோடு. அடியில் விழும் நிழல் வெள்ளையில் மறைந்துபோக, தூரத்திலிருந்து பார்த்தால் குழல் பாதியிலேயே முடிந்துவிட்டது போலத் தோன்ற வேண்டும் என்பது திட்டம். சிலர் பாதிக் குழலில் பொய் முனை ஒன்றையும் மாட்டினார்கள்.

இந்தப் பொம்மைக் கலை முழுவதிலும் இதைவிட அர்த்தமுள்ள ஒரு பிரஷ் வேலை இல்லை. நிஜ டாங்கியில் ஒருவன் உயிர்ப் பயத்தில் பிரஷ் பிடித்துச் செய்த காரியத்தை, எண்பது வருடம் கழித்து ஒருவன் மேஜை விளக்கின் கீழ் அதே பிரஷ்ஷால் திருப்பிச் செய்கிறான். துருவோ சேறோ இப்படிக் கிடையாது, அதைப் போட்டது இயற்கை. ஆனாலும் மேஜைகளில் வரும் ஃபயர்ஃபிளைகளில் எத்தனையோ வண்டிகள் குழல் முழுக்க ஒரே பச்சையில் வந்து நிற்கின்றன. பக்கத்து டைகருக்கு மட்டும் மூன்று வண்ண மறைப்புக் கோலம், பதினாறு விதத் துரு!

பெயிண்ட் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிரைமர், அடிப்படை நிறம், அப்புறம் வாஷ். வாஷ் என்றால் தண்ணீர் போலக் கரைத்த கரும்பழுப்பு. இடுக்குகளில் போய்த் தேங்கி நிழல் மாதிரி காட்டும். பிறகு பிரஷ்ஷை நன்றாகத் துடைத்துவிட்டு மிச்சமிருக்கும் துளிப் பெயிண்டால் விளிம்புகளைத் தடவுவது, ஸ்டிக்கர் மாதிரியான டீகால், கடைசியில் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். இதில் சண்டை வருவது அடிப்படை நிறத்தில். ஜெர்மன் டாங்கிகளுக்கு 1943 பிப்ரவரியிலிருந்து அடர் மஞ்சள்தான் உத்தரவு. அது எந்த மஞ்சள் என்று பெரியவர்கள் பல வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். கடுகுப்பொடியா, மணலா, கொஞ்சம் பச்சை கலந்ததா... என்னத்தைச் சொல்ல! அதே காலத்தில் பச்சை, செம்பழுப்பு இரண்டையும் பசையாக டப்பாவில் கொடுத்து, தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று டாங்கிக் குழுக்களிடமே விட்டிருந்தார்கள். தண்ணீரில் கரைத்தால் ஒரு நிறம், பெட்ரோலில் கரைத்தால் ஒரு நிறம். ஒருவர் ஸ்பிரே அடித்தார், இன்னொருவர் துடைப்பத்துக்கு இணையான பிரஷ்ஷால் இழுத்தார். சரியான மஞ்சள் என்று ஒன்று இருந்ததாகப் பேசுவதே வெட்டிவேலை.

துருவும் அப்படித்தான். வண்டியைக் கடலிலிருந்து தோண்டி எடுத்தது போலத் துருப்பிடிக்க வைப்பது ஒரு மோகம். போர்முனையில் நின்ற டாங்கிகள் பல மாதங்கள்கூட முழுசாக இருந்ததில்லை. புகைபோக்கிக் குழாயும் சங்கிலியும் துருப்பிடிக்கும், உண்மைதான். கவசத் தகடு முழுக்கத் துரு ஒழுக அவகாசம் ஏது? சேறும் புழுதியும் போட்டால் போதும். சேற்றை எங்கே போடுவது என்பதற்கும் ஒரு சேதி இருக்கிறது. நேசநாட்டு டாங்கிகளின் பக்கத்தில் பெரிய வெள்ளை நட்சத்திரம் உண்டு. கிட்டில் டீகாலாகப் பளிச்சென்று வரும். அந்த நட்சத்திரம் எதிரிக்குக் குறிபார்க்க வசதியாக இருக்கிறது என்று குழுக்கள் அதன்மேல் சேற்றை அப்பினார்கள், பெயிண்டால் அழித்தார்கள். மேல்பக்கத்து நட்சத்திரத்தை மட்டும் பலர் விட்டுவைத்தார்கள், சொந்த விமானமே குண்டு போட்டுவிடக்கூடாதே! பக்கத்து நட்சத்திரத்தை அழுக்காக்கி மேல் நட்சத்திரத்தைத் துடைத்து வைத்த ஒரு ஷெர்மனை மேஜையில் பார்த்தால், கட்டியவர் ஏதோ படித்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இனி கொஞ்சம் கசப்பான டீகால்.

மேஜை ஆட்டக்காரர்களில் மிகேல் விட்மன் பெயர் தெரியாதவர் குறைவு. 1944 ஜூன் 13 அன்று வில்லர்ஸ்-போகாஜ் ஊரில் தன் டைகரால் பிரிட்டிஷ் வண்டி வரிசை ஒன்றைச் சிதறடித்த ஜெர்மன் கமாண்டர். அவர் பெயரில் பொம்மை உண்டு, அவர் டைகரின் எண்ணுக்கு டீகால் உண்டு. ஆகஸ்ட் 8 அன்று அவர் டைகரே சிதறியது. அடித்தது யார் என்பதில் இன்றும் வழக்கு. பிரிட்டிஷ் தரப்பில் சொல்லப்படும் பெயர் ஜோ எகின்ஸ், ஒரு ஃபயர்ஃபிளையில் சுடுபவராக இருந்த இளைஞர். போர் முடிந்ததும் ஷூ தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிப் போனார். கனடாக்காரர்கள் தங்கள் ஷெர்மன் என்கிறார்கள். யாராக இருந்தாலும் ஒரு சாதாரண ஷெர்மன் வகை வண்டிக்குள் இருந்த சாதாரண ஆட்கள். அவர்கள் பெயரில் எத்தனை பெட்டி விற்கிறது?

விட்மன் வெறும் டாங்கிக்காரர் இல்லை, எஸ்.எஸ். படைக்காரர். எஸ்.எஸ். டிவிஷன்களின் சின்னங்கள் கிட்களில் சர்வ சாதாரணமாக வருகின்றன. அதில் அடிக்கடி கண்ணில் படுவது 'டாஸ் ரைக்' டிவிஷன். விட்மனின் சாகசத்துக்கு மூன்று நாள் முன்பு, 1944 ஜூன் 10 அன்று, அந்த டிவிஷனின் ஆட்கள் பிரான்சின் ஓராதூர்-சுர்-கிளான் என்ற ஊருக்குள் போனார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள், ஆண்களைக் களஞ்சியங்களில் வைத்துச் சுட்டார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள். அந்த ஊரின் இடிபாடுகள் அப்படியே நினைவிடமாக இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சின்னத்தை ஒட்டுகிறவர் ஒட்டட்டும். பலருக்குத் தெரியாது. "சின்னம் சூப்பரா இருக்கு" என்று ஒட்டுகிறார்கள்.

யாராவது ஒருவர் ஜெர்மன் பக்கம் ஆடித்தானே ஆக வேண்டும் என்பது சரியான பேச்சு. ராமாயண நாடகத்தில் ராவணன் வேஷம் கட்டுகிறவர் இல்லாவிட்டால் நாடகம் இல்லை. ஜெர்மன் படை கட்டுபவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அபத்தம். எஸ்.எஸ். இல்லாத சாதாரண ராணுவ டிவிஷன்களின் டீகால் போட்டுவிட்டால் கை சுத்தம் என்று நினைப்பதும் அபத்தம், அந்த ராணுவமும் கிழக்கே செய்த அட்டூழியங்களுக்குக் குறைவில்லை. கேட்கப்படுவது சின்ன விஷயம். ஒட்டும் முன் அந்தச் சின்னம் யாருடையது என்று ஒரு பத்து நிமிடம் படிப்பது. சரியான மஞ்சளைத் தேடி மூன்று வாரம் செலவழிக்கிறவரிடம் பத்து நிமிடம் இருக்காதா என்ன?

ஆட்ட நடுவில் டாங்கி அடிபட்டால் அதன்மேல் ஒரு பஞ்சு உருண்டையைக் கறுப்படித்து வைப்பது வழக்கம். புகைக்கு அடையாளம். சிலர் உள்ளே சின்ன எல்.ஈ.டி. விளக்கை மினுக்க விடுவார்கள். பார்க்க அருமையாக இருக்கும், எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். ஆட்களின் கதி? சில ஆட்டங்களில் பகடையே முடித்துவிடும். 'ஃபிளேம்ஸ் ஆஃப் வார்' இதில் ஒரு படி மேல். அடிபட்ட டாங்கியிலிருந்து ஆட்கள் வெளியே குதித்துவிட்டதாக ஒரு நிலை வைத்திருக்கிறது, அடுத்த முறை பகடை சாதகமாக விழுந்தால் திரும்ப ஏறிக்கொள்ளலாம். விதிப் புத்தகத்துக்குள் மனுஷன் எட்டிப் பார்க்கும் அபூர்வமான இடம். பஞ்சைத் தூக்கி எறிய வேண்டாம். வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தவழ்வது போல ஒரு குட்டி அட்டையும் சேர்த்து வைத்தால் யாருடைய ஆட்டமும் கெட்டுப்போகாது.

டைகருக்குப் பதில் என்ன கட்டுவது என்று கேட்பவர்களுக்கு வரிசையாக வண்டிகள் காத்திருக்கின்றன. பான்சர் 4, ஸ்டுக் என்று ஏற்கெனவே சொன்னவை ஒரு பக்கம். இந்தியாவில் இருந்துகொண்டு இந்த விளையாட்டில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு பக்கம் திறந்தே கிடக்கிறது: பர்மா போர்முனை. 1944ல் கோஹிமாவின் டென்னிஸ் மைதானச் சண்டையில் பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்டு உடைத்தது எம்3 லீ டாங்கி. ஒரு லீ வண்டி இன்றும் கோஹிமாவில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. உயரமாக, அசிங்கமாக, ஒரு பீரங்கி உடலிலும் இன்னொன்று டரட்டிலுமாக இருக்கும் வண்டி. ஐரோப்பாவில் பழசாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டது இங்கே உயிரைக் காப்பாற்றியது.

1945 மார்ச்சில் மெய்க்டிலாவில் 255வது இந்திய டாங்கி பிரிகேடின் ஷெர்மன்கள் இருந்தன. புரோபின்ஸ் ஹார்ஸ், ராயல் டெக்கான் ஹார்ஸ் ரெஜிமெண்டுகள். எதிரே ஜப்பானியர்களிடம் டாங்கியைத் துளைக்கும் பீரங்கி போதவில்லை. தரையில் குழி தோண்டி, விமான குண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு கல்லோடு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் டாங்கி வந்ததும் கல்லால் ஒரு அடி. அப்படிக் குழிக்குள் காத்திருந்த ஒருவனையும், அந்தக் குழியை நோக்கி உருண்டு வந்த ஷெர்மனுக்குள் இருந்த ஐந்து பேரையும் ஒரே மேஜையில் வைத்து ஆடிப் பார்த்தால், டைகர் எதிர் டைகர் மோதல்கள் எவ்வளவு சப்பென்று இருக்கின்றன என்று தெரியும். (1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் சண்டையில் இதே டெக்கான் ஹார்ஸ் மறுபடியும் ஷெர்மன்களோடுதான் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்டது. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

கடைசியாக ஒரு வேலை, எந்த வண்டியைக் கட்டினாலும். டரட்டை ஒட்டும் முன் மேல்மூடியைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று முடிவு செய்துவிட வேண்டும், பசை காய்ந்த பிறகு மாற்றுவது கஷ்டம். மூடி வைப்பது சுலபம், உடையாது. பெரும்பாலான மேஜை டாங்கிகள் அதனால் மூடியே கிடக்கின்றன, ஆளில்லாமல் தானாக ஓடும் இயந்திரங்கள் மாதிரி. நிஜத்தில் உள்ளிருந்து பார்த்தால் சரியாக எதுவும் தெரியாது என்பதால் கமாண்டர்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனார்கள், நார்மண்டியில் அப்படியே ஏராளமாகச் செத்தும் போனார்கள். மூடியைத் திறந்து வைத்து, பெட்டியில் வரும் அந்த அரை ஆளை நிறுத்தலாம். 1/56ல் தலை நாலு மில்லிமீட்டர் இருக்கும். கண் வரைய வேண்டாம், வரைந்தால் பேய் மாதிரி முழிக்கும். தோல் நிறத்துக்கு மேல் செம்பழுப்பு வாஷ் ஒரு கை, காய்ந்ததும் மூக்கிலும் கன்னத்திலும் வெளிறிய நிறத்தில் ஒரு புள்ளி, தோளில் வண்டிக்குப் போட்ட அதே புழுதி. கழுத்தில் ஊசியால் துளையிட்டுச் சின்னக் கம்பி சொருகி ஒட்டினால் எத்தனை ஆட்டம் ஆடினாலும் தலை உதிராது.